அரிசியும் அறிவுரையும்: சப்பிரகமுவத் தோட்டங்களில் உணவுதவியின் வரலாறு

ஒரு மக்கட் கூட்டத்தினரின் உணவுப் பழக்கம் அவர்தம் விருப்பினால் மட்டும் அமைவதன்று. அவர்கள் வாழும் உற்பத்தி உறவுகளே அதனைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. இவ்வுண்மையை மறந்து, போஷாக்கின்மையை அறியாமையின் விளைவாகவே நோக்கும் மனப்பாங்கு நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. உணவுதவி ஒரு திணைக்களத்திடமும் போஷாக்குக் கல்வி பிறிதொன்றிடமும் பிரிந்து கிடந்தமை இம்மனப்பாங்கின் நிர்வாக வடிவமேயாம். கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களின் வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

இவ்விரண்டும் ஒன்றாயிருந்த காலமும் இப்பிரதேசத்திலேயே உண்டு. 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட மலேரியாக் கொள்ளைநோயின்போது, சூரியமல் இயக்கத்தினர் கேகாலை மாவட்டக் கிராமங்களில் நிவாரணப் பணி புரிந்தனர். நோயின் கடுமைக்குப் பட்டினியே அடிப்படை என்பதை டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க உணர்ந்தார். மருந்தோடு பருப்பும் மாமைட்டும் வழங்கப்பட்டன. என். எம். பெரேராவுக்குப் 'பரிப்பு மாத்தயா' என்ற பெயர் வந்தது இப்பணியினாலேயே. 1936இல் றுவான்வெலத் தொகுதி அவரை அரசாங்க சபைக்குத் தெரிந்தனுப்பியது. உணவும் அதுபற்றிய அறிவும் ஒரே கையினால், அரசியல் உணர்வோடு வழங்கப்பட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

ஆயின் இது முதன்மையாகக் கிராமங்களிலேயே நிகழ்ந்தது. தோட்ட மக்களின் மருத்துவ நலன் 1912ஆம் ஆண்டின் சட்டத்தின்வழி தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று. அரிசியையும் நிர்வாகமே வழங்கிக் கூலியிற் கழித்துக்கொண்டது. 1942இல் தொடங்கிய பங்கீட்டு முறை தோட்ட மக்களையும் உள்ளடக்கியதெனினும், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. உண்ணும் வாயாக எண்ணப்பட்டோர் வாக்காளராக எண்ணப்படவில்லை.

இம்முரண்பாட்டின் கொடூரம் 1973-74இல் வெளிப்பட்டது. பங்கீட்டரிசி குறைக்கப்பட்டது, மாவும் சீனியும் அரிதாயின. கிராமத்து விவசாயிக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. லயத்தில் வாழ்ந்தோருக்கு அதுவுமில்லை. 1974இல் நாட்டின் சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 51 ஆகவிருக்கத் தோட்டங்களில் அது 140ஐத் தாண்டியது.

அதே 1973இலேதான் திரிபோஷா அறிமுகமாயிற்று. தாய்க்கோ சிறு பிள்ளைக்கோ நாளொன்றுக்கு 50 கிராம் என்ற கணக்கில், மாதம் 750 கிராம் பொதிகள் இரண்டு. ஆனால் வீட்டில் அம்மாவைக் குடும்பம் முழுவதும் பங்கிட்டுண்டது. இதனைத் தாய்மாரின் அறியாமை எனக் கூறுதல் எளிது. பசித்த பிள்ளைகள் நால்வர் சூழ்ந்திருக்க, ஒருவனுக்கு மட்டும் ஊட்டுக என்ற அறிவுரையை எந்தத் தாய்தான் ஏற்பாள்? பங்கீட்டைக் குறைத்த அரசும் பொதியை வழங்கிய அரசும் ஒன்றே. எனினும் அவ்விரு செயல்களையும் இணைத்து நோக்கும் பொறுப்பு எவரிடமும் இருக்கவில்லை.

1979 செப்டெம்பரில் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களே அதற்குரியன. கிராமத்தவர் தம் வருமானத்தைத் தாமே கூறினர். தோட்டத் தொழிலாளியின் வருமானமோ செக்றோலில் எழுதப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் பேர் போட்டால் எல்லை கடந்துவிடும். எனவே அவர்களுட் பெரும்பாலோர் விலக்கப்பட்டனர். முத்திரை பெற்றோருக்கும் நிலைமை நீடிக்கவில்லை. விலையேற்றத்தினால் 1982 அளவில் அதன் உண்மைப் பெறுமதி ஏறத்தாழப் பாதியாயிற்று.

சப்பிரகமுவவின் தனித்தன்மையும் ஈண்டு நோக்கற்பாலது. இது மழை மிகுந்த பிரதேசம். மழை நாளிற் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் பேரும் இல்லை. விடியுமுன் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மரத்துக்குச் செல்லும் பெண், வேலை நேரத்தில் நடைபெறும் கிளினிக்குக்குச் சென்றால் அரைப்பேரை இழக்கிறாள். சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கும் இத்தோட்டங்களில், அறிவுரை கூற வரும் மருத்துவமாதுக்குத் தமிழ் தெரியாதிருப்பதும் பொதுவான நிலையே. கேட்க நேரமும் விளங்கும் மொழியும் வாங்கப் பணமும் இல்லாதவிடத்துக் கல்வி வெற்றுரையாகின்றது.

1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 1995இல் வந்த சமுர்த்தி தோட்டங்களைக் குறைந்த அளவிலேயே எட்டியது. 2023இல் அதன் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தது. 2016ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதும் 17.3 சதவீதம்; தோட்டத்துறையில் 31.7 சதவீதம். பல துறைகளையும் ஒருங்கிணைக்கும் போஷாக்குத் திட்டமொன்று 2018-2025 காலத்துக்கென வகுக்கப்பட்டது.

ஒருங்கிணைப்பு வேண்டுமென்பதில் ஐயமில்லை. ஆனால் அது திணைக்களங்கள் ஒரே மேசையைச் சுற்றி அமர்வதோடு முடிவதன்று. உதவிக்குரியோர் பட்டியலும், கிளினிக்கின் நேரமும் மொழியும், நாட்கூலியும் ஒரே வினாவின் கூறுகளென ஏற்கப்படும்போதே அது தொடங்கும். என்ன உண்ண வேண்டுமெனத் தொழிலாளிக்குக் கற்பிக்குமுன், அவள் ஏன் அதை உண்ண இயலவில்லை என்பதை அரசு கற்றாக வேண்டும்.