தண்ணி டேங்க் நிழலுக்கு வந்த பெட்டி

தென்காசிப் பக்கம் மேலகரத்தில் அத்தான் வீட்டுத் தட்டட்டியில் அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே ஆறு இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதல். ஒரு சாண் நீளம், இரண்டு விரல் கனம். விசிறி கிடையாது, பட்டன் கிடையாது.

"என்ன மாப்ளே, டிபன் பாக்ஸ் கணக்கா இருக்கு. இதுவா இன்வெர்ட்டர்?"

அத்தானைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் மாடிப்படிக்கு அடியில் பேட்டரியோடு உட்கார்ந்து உறுமுகிற சாமான். இது மைக்ரோ இன்வெர்ட்டர். பேனலுக்கு ஒன்றாக அதன் முதுகுக்குப் பின்னால் மாட்டிவிடுவார்கள். பேனல் தருகிற நாற்பது வோல்ட் நேர்மின்சாரத்தை அங்கேயே 230 வோல்ட் மாறுமின்சாரமாக்கிக் கீழே அனுப்பிவிடும்.

இந்த யோசனைக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. 1993லேயே நெதர்லாந்தின் மாஸ்டர்வோல்ட் கம்பெனி பேனலின் பின்னால் மாட்டுகிற சின்ன இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. அது பெரிதாக ஓடவில்லை. பிறகு கலிஃபோர்னியாவில் மார்ட்டின் ஃபோர்னாஜ் என்ற பொறியாளர் தன் பண்ணையில் சோலார் போட்டார். எல்லாப் பேனலையும் மாலைபோலக் கோத்து ஒரே பெரிய இன்வெர்ட்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழக்கமான முறைதான் அது. பேனல்கள் நன்றாக இருந்தும் அந்த ஒரு பெட்டிதான் காலை வாரியது. அவரும் ரகு பேலூர் என்பவரும் 2006இல் பெட்டலூமா நகரில் தொடங்கிய கம்பெனிதான் என்ஃபேஸ். 2008இல் வந்த முதல் பெட்டி 175 வாட்டுக்கானது.

அதே 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை திறந்தது. ஆயிரக்கணக்கான பெண் பிள்ளைகள் கம்பெனி பஸ்ஸில் போய் செல்போன் செய்து கொடுத்துவிட்டு வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. என்ஃபேஸுக்கும் வாழ்வு சுலபமாக இல்லை. 2017இல் அதன் பங்கு ஒரு டாலருக்கும் கீழே கிடந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பத்ரி கோதண்டராமன் தலைமைப் பொறுப்புக்கு வந்தது அந்த வருஷம். நோக்கியாவின் பூட்டிக் கிடந்த வளாகத்தை 2019இல் வாங்க முன்வந்தது, அதுவரை போன் சார்ஜர் செய்துகொண்டிருந்த சால்காம்ப் கம்பெனி. என்ஃபேஸின் மைக்ரோ இன்வெர்ட்டர்களைத் தமிழ்நாட்டில் செய்ய 2020இல் தொடங்கியதும் அதே சால்காம்ப்தான். யோசித்தால் பெரிய தாவல் இல்லை. சார்ஜர் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும், இது அதைத் திருப்பிப் போட்ட வேலை.

ஆனால் செய்ததில் பெரும்பகுதி கப்பலேறியது. நம் மாநிலத்துக் கைகள் திருகிய பெட்டி அமெரிக்காவில் சாய்வுக் கூரைப் பேனல்களுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. இங்கே அதைக் கண்ணால் பார்த்த எலக்ட்ரீஷியன்கள் குறைவு. விலைதான் காரணம். மூன்று கிலோவாட்டுக்கு ஒரே பெட்டி போதும் என்கிறபோது ஆறு பெட்டிக்கு யார் காசு கொடுப்பார்கள்?

அத்தானும் கொடுப்பதாக இல்லை. பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்ததும் கணக்குப் போட்டார். மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் கிடைத்தால் இரண்டு மாசத்துக்கு எழுநூறு யூனிட். முதல் நூறு யூனிட் எப்படியும் இலவசம். மானியம் வேண்டுமானால் பேனலும் அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். அதிலும் சிக்கல் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானிலேயே டாடா பவர் பேனல் செய்கிறது, 2024இலிருந்து செல்லும் செய்கிறது.

எல்லாக் கணக்கும் சரியாக வந்தது, தட்டட்டியில் ஏறிப் பார்க்கும்வரை.

தெற்கே பக்கத்து வீட்டு மாடிப்படி அறை. மேற்கே தென்னை. நடுவில் பன்னிரண்டு அடி உயரத்தில் தண்ணி டேங்க். டேங்குக்கு வடக்கே போட்டால் ஆகாது, தெற்கே போட்டுவிடலாம் என்று அத்தான் சொன்னார். எல்லாரும் சொல்வதுதான், ஆனால் தென்காசிக்கு அது பாதிதான் பொருந்தும். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகை வடக்கே இருக்கிறோம். சித்திரை பிறக்கிற நாளை ஒட்டி உச்சிவேளைச் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் கடைசிவரை உச்சியில் அது வடக்கே நிற்கும். ஜூன் மாதம் நண்பகலில் அந்தப் பன்னிரண்டு அடி டேங்கின் நிழல் தெற்கே மூன்றடி விழும். டிசம்பரில் வடக்கே ஏழரை அடி. காலையிலும் சாயங்காலத்திலும் இன்னும் நீளும். டேங்குக்கு எந்தப் பக்கம் போனாலும் வருஷத்தில் பல மாதம் அது தேடிவரும்.

மாலையாகக் கோத்த பேனல்களில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் என்ன ஆகும்? வரிசையில் எல்லாவற்றுக்கும் ஒரே கரண்ட்தான் ஓட முடியும் என்பதால், அந்த ஒன்று மற்ற ஐந்தையும் இழுத்துப் பிடிக்கும். அப்படி நடக்காமலிருக்கப் பேனலுக்குள் டயோடு வைத்திருக்கிறார்கள். நிழல் பட்ட பகுதியைத் தாண்டிக் கரண்ட் போய்விடும், அந்தப் பகுதியின் உற்பத்தி நஷ்டம். ஆளுக்கொரு மைக்ரோ இருந்தால் நிழல்பட்டது மட்டும் தன் அளவுக்குக் குறையும், மற்றவை தம்போக்கில் வேலை பார்க்கும்.

இதற்கு நம் ஆட்கள் கண்டுபிடித்த மலிவான மருந்து வேறு. ஜி.ஐ. பைப்பில் தூணெழுப்பிப் பேனலை டேங்குக்கும் மேலே தூக்கிவிடுவது. சென்னையிலும் மதுரையிலும் பார்க்கிற இடமெல்லாம் அதுதான். கீழே வடகம் காயப்போடலாம், துணி உலர்த்தலாம். மதுரையில் வீடு என்றால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். இது தென்காசி. ஆனி, ஆடியில் காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றவர்களுக்குச் செங்கோட்டைக் கணவாய்க் காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைப்பதும் அந்தக் காற்றுதான். அதற்கு நேரே ஆறு பேனலைப் பாய் விரித்தமாதிரி டேங்குக்கும் மேலே நிறுத்த வேண்டுமென்றால் பழைய கான்கிரீட்டுக்குப் புது அஸ்திவாரம் கேட்கும். தாழ்த்திப் போட்டால் நிழல், தூக்கிப் போட்டால் காற்று. தாழ்த்தியே போட்டு நிழலோடு குடித்தனம் நடத்த ஒரு வழி வேண்டும் என்ற இடத்தில்தான் அந்த டிபன் பாக்ஸுக்கு வேலை வந்தது.

இன்னொன்றும் அத்தானுக்குப் பிடித்துப்போனது. ஆறு பேனலைக் கோத்தால் இருநூற்றைம்பது வோல்ட் நேர்மின்சாரம் மாடியிலிருந்து கீழே வரும். எங்காவது இணைப்பு தளர்ந்து பொறி பறந்தால் லேசில் அணையாது. மாறுமின்சாரம் விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் பொறி நிலைக்க இடம் குறைவு. மழையும் ஈரமுமாகக் கிடக்கிற ஊருக்கு இது சின்ன விஷயமில்லை.

குறையையும் சொல்லிவிட்டேன். வெயிலில் பேனலின் முதுகு அறுபது டிகிரி தாண்டும், மின்னணுச் சாமானுக்கு அது உகந்த இடமல்ல. ஒன்று கெட்டால் பேனலைக் கழற்றித்தான் மாற்ற வேண்டும்.

"கரண்ட் போனா ஃபேன் ஓடுமா?" என்று அக்கா கேட்டாள். ஓடாது. இதைச் சொல்லும்போதுதான் எல்லார் முகமும் வாடும். நாதஸ்வரத்துக்கு ஒத்து மாதிரி, இந்தப் பெட்டிக்கு ஈ.பி. கரண்ட். அதன் சுருதியைக் கேட்டுத்தான் இது வாசிக்கும். ஒத்து நின்றால் கப்பென்று நிறுத்திவிடும். வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் வயர்மேனுக்கு நம் வீட்டிலிருந்து கரண்ட் போய்விடக் கூடாது. பேட்டரியும் வீட்டை லைனிலிருந்து பிரிக்கிற தனிப் பெட்டியும் இருந்தால் சங்கதி வேறு, செலவும் வேறு. மாடிப்படிக்கு அடியிலிருந்த பழைய இன்வெர்ட்டர் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவானது.

மாட்டி முடித்து, இருபக்கமும் ஓடுகிற மீட்டர் வந்து, முதல் சாரலும் வந்துவிட்டது. குற்றால சீசனில் உற்பத்தி படுத்துவிடும் என்று அத்தானிடம் முன்பே சொல்லியிருந்தேன். மேகம் மூடிய நாளில் குறையத்தான் செய்தது. ஆனால் பங்குனியில் படிந்த தூசியைச் சாரலே கழுவிவிட்டது. மூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்க்கிற அரைமணியில், பேனலுக்கு ஒன்றாகச் செல்போனில் தெரிகிற ஆறு கட்டமும் பளிச்சென்று ஏறும். சாயங்காலம் மலை சூரியனை மறைத்ததும் ஊருக்கு முன்னால் இறங்கிவிடும். மூன்றரை மணிக்கு நாலாவது கட்டம் மங்கினால் தென்னை. உச்சியில் இரண்டாவது மங்கினால் டேங்க். அத்தானுக்கு இப்போது பேப்பர் படிப்பதைவிட இதுதான் வேலை.

போன ஆடியில் ஒருநாள் பதினொரு மணிக்கு ஆறாவது கட்டம் சரிந்து கிடந்தது. அங்கே அந்த நேரத்துக்கு எந்த நிழலும் வராது. "போச்சு, பெட்டி அவுட்டு" என்று எனக்குப் போன் போட்டுக்கொண்டே படியேறினார். மூச்சு வாங்குவது கேட்டது. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"என்ன அத்தான்?"

"சாரல் விட்டுருக்குல்லா... குத்தாலத்துக்காரன் குடும்பத்தோட வந்து குளிர் காயுதான், மாப்ளே. நாலு குரங்கு. குட்டி வேற."