பேட்டரி மாத்தினதும் கார் ரேடியோ ‘கோடு’ கேட்குதா? செட்டைக் கழற்றும் முன்னாடி இதைப் படிங்க!

அரியலூர் நண்பர் ஒருவர், ‘டிஎன் 61’ நம்பரில் செகண்ட் ஹேண்ட் கார் ஒன்று வாங்கினார். வாங்கிய மூணாவது வாரம், பெரம்பலூர் போன இடத்தில் பேட்டரி படுத்துவிட்டது. பக்கத்துக் கடையில் பத்தே நிமிஷத்தில் புது பேட்டரி மாட்டிவிட்டார்கள். கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது. பாட்டு மட்டும் வரவில்லை. ரேடியோ திரையில் ‘கோடு’ என்று ஒரே ஒரு வார்த்தை.

“செட்டு போச்சு சார். கழற்றிட்டு ஆண்ட்ராய்டு செட் போட்டுடலாம்” என்றார் கடைக்காரர். நண்பரும் கிட்டத்தட்ட தலையாட்டிவிட்டார். ராத்திரி வீட்டில் கிளவ் பாக்ஸைக் குடைந்தபோது, சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பழைய ஓனர் பென்சிலால் எழுதிய 4 எண்கள் கண்ணில் பட்டன. அதை அழுத்தினார். எஃப்எம் பாட ஆரம்பித்தது!

செட்டு கெட்டுப்போகவே இல்லை. பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். சாவி எங்கே என்று தெரியாததால் பல ஆயிரம் ரூபாய் போக இருந்தது.

எதுக்கு இந்தக் கோடு?

1980-களில் வெளிநாடுகளில் கார் கண்ணாடியை உடைத்து ஸ்டீரியோ திருடுவது பெரிய தலைவலியாக இருந்தது. திருடினாலும் பயன்படாதபடி செய்ய வந்ததுதான் இந்தப் பூட்டு. செட்டுக்குள் இருக்கும் சிப்பில் ரகசிய எண் பதிந்திருக்கும். கார் ஆஃப் ஆனாலும் பேட்டரியில் இருந்து ஒரு வயர் மூலமாக செட்டுக்கு எப்போதும் 12 வோல்ட் வந்துகொண்டே இருக்கும். அந்த கரன்ட் அறுந்தால், ‘என்னை யாரோ கழற்றிட்டாங்க’ என்று செட் முடிவு செய்துவிடும். மறுபடி கரன்ட் வந்ததும் கோடு கேட்கும்.

திருடன் கழற்றினாலும் சரி, மெக்கானிக் பேட்டரி மாற்றினாலும் சரி, செட்டுக்கு வித்தியாசம் தெரியாது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிறவரின் கார் மாசக்கணக்கில் வீட்டு வாசலில் நின்று, பேட்டரி முழுசாக இறங்கினாலும் இதே கதைதான்.

எந்தெந்த கார்களில் கேட்கும்?

ஃபோர்டு, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ரெனோ, ஃபியட், ஹோண்டா கார்களின் பல பழைய மாடல்களில் இந்தப் பூட்டு உண்டு. ஃபோக்ஸ்வேகனில் ‘சேஃப்’ என்று திரையில் வரும். ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பிந்தைய மாடல்கள் பலவற்றில், செட் அதே காரில்தான் இருக்கிறதா என்பதை காரின் மற்ற எலெக்ட்ரானிக்ஸோடு பேசித் தானாகவே தெரிந்துகொள்ளும். அதனால் கோடு கேட்காது. சில ஹோண்டா மாடல்களில் பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தாலே செட் உயிர் பெறும். முதலில் அதை முயற்சி பண்ணிப் பாருங்க.

கோடு எங்கே இருக்கும்?

* கார் வாங்கும்போது கொடுத்த சின்ன கார்டு, ஓனர்ஸ் மேனுவல், சர்வீஸ் புத்தகம், கிளவ் பாக்ஸின் உள்பக்கம். முதலில் இங்கே தேடுங்க.

* இல்லையென்றால் செட்டின் சீரியல் நம்பர் வேண்டும். சில ஃபோர்டு செட்களில் 1, 6 ஆகிய பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே வரும். மற்றவற்றில் செட்டைக் கழற்றி, உடம்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்க்க வேண்டும்.

* அந்த நம்பர், ஆர்.சி., உங்கள் அடையாள அட்டை மூன்றோடும் அந்த பிராண்டின் சர்வீஸ் சென்டருக்குப் போங்க. எல்லா பிராண்டுக்கும் நம்ம ஊரில் சென்டர் இருக்காது. பெரம்பலூரில் இருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். கிளம்பும் முன் போன் பண்ணி, என்னென்ன கொண்டுவரணும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபோர்டு, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால், சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடரும் என்றும் சொன்னது. ‘கம்பெனியே போயிடுச்சு, கோடு கிடைக்காது’ என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீங்க.

குத்துமதிப்பா அடிக்காதீங்க!

0000, 1234 என்று வரிசையாக முயற்சி செய்வதுதான் நிறைய பேர் செய்யும் தப்பு. தப்பான எண் போடப் போட, காத்திருக்கும் நேரம் கூடும். சில செட்கள் மொத்தமாகவே பூட்டிக்கொள்ளும். அதேபோல, சீரியல் நம்பரை வாங்கிக்கொண்டு ‘முதல்ல ஜிபே பண்ணுங்க’ என்று சொல்லும் முகம் தெரியாத ஆட்களிடமும் உஷார். உங்க கார்தானா என்று கேட்காமலே கோடு கொடுப்பவர், திருடனுக்கும் அதைக் கொடுப்பார்.

கழற்றியே ஆகணுமா?

முதலில் கோடு கையில் இருக்கணும். அப்புறம்தான் ஸ்பேனர்!

1. இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்க. டேஷ்போர்டு பக்கம் ஏர்பேக் வயர்களும் இருக்கும் என்பதால் சில நிமிஷம் விட்டுத் தொடங்குங்க.

2. செட்டின் முகப்பில் இரண்டு பக்கமும் சின்ன ஓட்டைகள் இருந்தால், அதற்கென இருக்கும் ‘யு’ வடிவக் கம்பிகளைச் செருகி இழுக்க வேண்டும். ஓட்டை இல்லையென்றால், சுற்றியுள்ள பேனலை பிளாஸ்டிக் கருவியால் நெம்பி, உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றணும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பேனலில் தழும்பு விழும். வெயிலில் காய்ந்த பழைய கிளிப்புகள் பட்டென்று உடையும். சிமென்ட் லாரிகள் ஓடும் ரோட்டில் ஓடிய கார் என்றால், இடுக்கில் இருக்கும் தூசியை பிரஷ்ஷால் தட்டிவிட்டுத் தொடங்குங்க.

3. செட் வெளியே வந்ததும் ஸ்டிக்கரை மொபைலில் போட்டோ எடுத்து வைங்க. பிறகு பின்னால் இருக்கும் கப்ளரையும் ஆன்டெனா வயரையும் கழற்றுங்க.

4. புது செட் போடுவதாக இருந்தால் வயரை வெட்ட விடாதீங்க. உங்க காருக்கான கப்ளர் தனியாகக் கிடைக்கும். வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய வயர் ஷார்ட் ஆனால் விளைவு விபரீதம். வாரன்டிக்கும் சிக்கல் வரும். அளவையும் பாருங்க: சிங்கிள் டின் என்றால் 180-க்கு 50 மில்லிமீட்டர், டபுள் டின் என்றால் 180-க்கு 100.

வெறும் பேட்டரி மட்டும் மாற்றுவதாக இருந்தால், வேறொரு 12 வோல்ட் இணைப்பு கொடுத்து கரன்ட் அறுந்துபோகாமல் மாற்ற முடியும். அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்க. நீங்களே முயற்சி செய்தால் ஷார்ட் ஆகும் ஆபத்து இருக்கிறது.

செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க கவனத்துக்கு...

ஆர்.சி., இன்ஷூரன்ஸ், இரண்டாவது சாவி கேட்கும்போதே ரேடியோ கோடையும் கேட்டு வாங்குங்க. கார் கைமாறி ஆறு மாசம் கழித்து பழைய ஓனரைத் தேடுவதைவிட இது சுலபம். அதேபோல, கோடு இல்லாமல் சல்லிசாக வரும் பழைய கம்பெனி செட்டை வாங்காதீங்க. திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது, பாரதிய நியாய சன்ஹிதா 317-ம் பிரிவின்படி குற்றம்.

கோடு கிடைத்ததும் காரிலேயே எழுதி வைக்காதீங்க. திருடனுக்கு அது ரொம்ப வசதி! மொபைலில் பத்திரப்படுத்துங்க, வீட்டில் ஆர்.சி. ஜெராக்ஸ் பின்னாலும் எழுதி வைங்க. நம்ம நண்பரும் சர்வீஸ் புத்தகத்தில் இருந்த பென்சில் எழுத்தை அழித்துவிட்டு அதைத்தான் செய்திருக்கிறார்.