புராஸ்டேட் திசுவில் புற்றுநோயை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகள்

புராஸ்டேட் சுரப்பியிலிருந்து ஊசி மூலம் பரிசோதனைக்கு எடுக்கப்படும் திசு, நூலிழை போன்று மெல்லியது. அதில் ஐயத்துக்குரிய சுரப்பிக் குழாய்கள் நான்கைந்து மட்டுமே தென்படும்போது, வடிவத்தை மட்டும் கொண்டு புற்றுநோயா, தீங்கற்ற மாற்றமா என்று முடிவு செய்வது அனுபவமிக்க மருத்துவருக்கும் கடினம். இந்நிலையில் கைகொடுப்பவை ஆன்டிபாடிகள். ஒவ்வொரு ஆன்டிபாடியும் தனக்குரிய ஆன்டிஜெனை மட்டுமே தேடிப் பற்றும். பற்றிய இடம் சாயத்தின் உதவியால் பழுப்பு நிறமாகத் தெரியும்.

தீங்கற்ற குழாய்களைச் சுற்றி அடித்தள செல்கள் வரிசையாக அமைந்திருக்கும். புற்றுநோயில் இவ்வரிசை இருக்காது. பி63 என்ற புரதத்துக்கான ஆன்டிபாடி இச்செல்களைக் காட்டிக்கொடுக்கிறது. ஏ.எம்.ஏ.சி.ஆர். என்ற நொதியோ புற்றுச் செல்களில் மிகுந்து காணப்படும். எனினும் தீங்கற்ற சில குழாய்களிலும் இந்நொதி தென்படுவதால், இரு சோதனைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

ஒரே வகையான ஆன்டிபாடியைத் தேவையான அளவு உருவாக்கும் முறையை 1975-இல் கோலர், மில்ஸ்டைன் ஆகியோர் வெளியிட்டனர். இருவரும் 1984-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அம்முறையில் உருவான 7இ11 என்ற ஆன்டிபாடியை 1987-இல் ஹொரோஷெவிச் குழுவினர் அறிவித்தனர். நிணநீர்க் கணுவுக்குப் பரவிய புராஸ்டேட் புற்றிலிருந்து வளர்க்கப்பட்ட செல்களைக் கொண்டு இது பெறப்பட்டது. இது பற்றும் ஆன்டிஜெனே இன்று பி.எஸ்.எம்.ஏ. எனப்படுகிறது. ரத்தப் பரிசோதனையில் அளக்கப்படும் பி.எஸ்.ஏ. வேறு, பி.எஸ்.எம்.ஏ. செல் சவ்வில் பதிந்திருப்பது.

கதிரியக்கத் தனிமம் இணைக்கப்பட்ட 7இ11 ஆன்டிபாடிக்கு, நோய் பரவிய இடங்களைப் படமெடுக்க 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் பயன் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. காரணம் எளியது. பி.எஸ்.எம்.ஏ. புரதத்தின் 750 அமினோ அமிலங்களில் 19 மட்டுமே செல்லுக்கு உள்ளே இருப்பவை. 7இ11 பற்றுவதோ அச்சிறு பகுதியை. ஆய்வகத்தில் வெட்டப்பட்ட திசுவில் செல்லின் உட்புறம் திறந்து கிடப்பதால் அது தடையின்றிச் செயல்பட்டது. நோயாளியின் உடலில் உள்ள உயிருள்ள செல்லுக்குள் அதனால் நுழைய முடியவில்லை. இறந்த அல்லது சிதையும் செல்களையே பெரும்பாலும் காட்டியது. எலும்புக்குப் பரவிய நோய் பல வேளைகளில் புலப்படாமல் போனது.

இதையடுத்து, செல்லின் வெளிப்புறப் பகுதியைப் பற்றும் ஜே591 போன்ற ஆன்டிபாடிகள் 1990-களின் பிற்பகுதியில் உருவாக்கப்பட்டன. பின்னர் அதே வெளிப்பகுதியில் ஒட்டும் சிறு மூலக்கூறுகள் முன்னிலைக்கு வந்தன. காலியம்-68 கொண்ட பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் 2020-லும், லுட்டீசியம்-177 கொண்ட சிகிச்சை மருந்து 2022-லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

பி.எஸ்.எம்.ஏ. புற்றுச் செல்களுக்கு மட்டுமே உரியதன்று. இயல்பான புராஸ்டேட் திசுவிலும் சிறுநீரகத்திலும் அது உண்டு. மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் சேர்வதால், லுட்டீசியம் சிகிச்சை பெறுவோரில் பலருக்கு வாய் உலர்கிறது. முற்றிய புற்றுகள் சிலவற்றில் இந்த ஆன்டிஜெனே குறைந்துவிடுவதால், சிகிச்சைக்கு முன் ஸ்கேன் எடுத்து அது இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்துகொள்கின்றனர்.