வுட் பேட்ஜ் பயிற்சியின் வரலாறு

சாரணர் இயக்கத்தில் சிறுவர்களை வழிநடத்தும் பெரியவர்களுக்கு அளிக்கப்படும் உயர்நிலைப் பயிற்சி வுட் பேட்ஜ் எனப்படுகிறது. பயிற்சியை முடித்தவர்கள் தோல் வாரில் கோத்த இரண்டு சிறு மரமணிகளைக் கழுத்தில் அணிவர். பெயர் வந்ததும் அம்மணிகளால்தான்.

1908-இல் பேடன் பவல் எழுதிய 'ஸ்கவுட்டிங் ஃபார் பாய்ஸ்' வெளிவந்ததும் இங்கிலாந்தில் சிறுவர்கள் தாங்களாகவே அணி சேர்ந்தனர். தங்களுக்கு ஒரு தலைவரைத் தேடியது அதற்குப் பிறகுதான். முன்வந்த பெரியவர்களிடம் ஆர்வம் இருந்தது. ஆனால் ஈர விறகில் தீ மூட்டவும், மழையில் கூடாரம் அடிக்கவும் அவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? லண்டனிலும் யார்க்சயரிலும் சில பயிற்சி முகாம்கள் நடந்தன. அதற்குள் முதல் உலகப்போர் மூண்டு, சாரண ஆசிரியர்கள் பலர் போர்முனைக்குச் சென்றுவிட்டனர்.

போருக்குப்பின் நிலையான இடம் கிடைத்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த சாரண ஆணையர் டி பாய் மக்லாரன் 7,000 பவுண்டு கொடுக்க, லண்டன் அருகே கில்வெல் பார்க் என்னும் பாழடைந்த பண்ணை வாங்கப்பட்டது. 1919 ஏப்ரலில் அதைச் சீர்செய்ய வந்த இளைஞர்களால் சேற்றுத் தரையில் கூடாரம் அடிக்க முடியவில்லை. தோட்டக்காரரின் கொட்டகையில் படுத்துக்கொண்டு, அதற்குப் 'பன்றித் தொழுவம்' என்று பெயரிட்டனர்.

முதல் பயிற்சி 1919 செப்டம்பர் 8 அன்று பிரான்சிஸ் கிட்னியின் தலைமையில் தொடங்கியது. 19 பேர் கலந்துகொண்டனர். சிறுவர் படையைப் போலவே பெரியவர்களும் சிறு அணிகளாகப் பிரிந்து, தாங்களே சமைத்து, கூடாரத்தில் உறங்கினர். அணித்தலைவனுக்குக் கீழ்ப்படிவது எப்படி இருக்கும் என்பதை ஆசிரியர் உணராமல், சிறுவனிடம் அதை எதிர்பார்க்கலாகாது என்பதே இதன் அடிப்படை. கரும்பலகைப் பாடத்தால் இது கைகூடாது.

பயிற்சி முடித்தவர்களுக்குச் சான்றிதழைவிட வேறேதேனும் தர பேடன் பவல் விரும்பினார். தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு கழுத்தணியின் மணிகளைப் பிரித்துக் கொடுத்தார். அது சூலு அரசர் தினுசுலுவுக்கு உரியது என்பது வழக்கமான கூற்று. அவரே அன்புடன் பரிசளித்தார் என்று எழுதுவோரும் உண்டு. அது பொருந்தவில்லை. 1888-இல் சூலு மக்களின் எழுச்சியை ஒடுக்கச் சென்ற பிரித்தானியப் படையில் பேடன் பவல் இருந்தார். படை மலையரணை அடைந்தபோது தினுசுலு அங்கே இல்லை, தப்பிச் சென்றிருந்தார். பின்னர் அவர் செயின்ட் எலனா தீவுக்கு நாடு கடத்தப்பட்டார். கழுத்தணி உண்மையில் அவருடையதுதானா என்பதிலேயே பிற்கால ஆய்வாளர்களுக்கு ஐயமுண்டு. எப்படியாயினும், அது போரில் கைப்பட்ட பொருள். பரிசு என்பது பின்னால் ஏற்றிச் சொன்னது. மூல மணிகள் விரைவில் தீர்ந்துபோக, அதே வடிவில் மரத்தில் செதுக்கியவை வழங்கப்பட்டன.

நாளடைவில் கோட்பாடு, முகாம், சொந்தப் படையில் செய்துகாட்டல் என மூன்று பகுதிகள் அமைந்தன. பயிற்சி தரும் நிலைக்கு உயர்வோர் மூன்று அல்லது நான்கு மணிகள் அணிவர். கழுத்துத் துணியில் மக்லாரன் குலத்தின் கட்டம்போட்ட துணித்துண்டு தைக்கப்பட்டிருக்கும்.

இந்தியாவில் 1950-இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவானது. இங்கு இப்பயிற்சிக்கு 'இமாலய வுட் பேட்ஜ்' என்று பெயர். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் சாரண ஆசிரியர்களும் அடிப்படை, உயர்நிலைப் பயிற்சிகளை முடித்தபின் இதில் சேர்கின்றனர். இயக்கத்தின் தேசியப் பயிற்சி மையம் மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில், சாத்பூரா மலைக்காட்டில் உள்ளது.