புவே உங்பகோன்: சர்வாதிகாரிகளிடம் வளையாத பொருளாதார அறிஞர்

ராணுவ ஆட்சியில் ஒரு நேர்மையான மனிதர் உயர் பதவி வகிக்க முடியுமா? அப்படி வகித்தால் அந்த நேர்மைக்கு அவர் கொடுக்கும் விலை என்ன? தாய்லாந்தின் பொருளாதார அறிஞர் டாக்டர் புவே உங்பகோனின் வாழ்க்கை இக்கேள்விகளை நம்முன் வைக்கிறது.

இளமையும் போரும்

1916ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் தேதி பாங்காக்கில் பிறந்தார் புவே. தந்தை சீனாவிலிருந்து வந்து குடியேறியவர். அவர் சீக்கிரமே இறந்துவிட, தாய்தான் பிள்ளைகளை வளர்த்தார். தம்மசாத் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற புவே, 1938இல் அரசு உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் படிக்கச் சென்றார். (தம்மசாத் என்பது நமக்குத் தெரிந்த 'தர்மசாஸ்திரம்' என்ற சொல்லின் தாய் வடிவம்!)

1942இல் ஜப்பான் பக்கம் சாய்ந்த தாய்லாந்து அரசு, பிரிட்டன் மீது போர் அறிவித்தது. புவே அதை ஏற்கவில்லை. 'சுதந்திரத் தாய்' இயக்கத்தில் சேர்ந்து, இந்தியாவில் பயிற்சி பெற்று, 1944இல் பாராசூட் மூலம் சைநாத் மாகாணத்தில் குதித்தார். உடனே பிடிபட்டார். ஆனாலும் உயிர் தப்பினார். போர் முடிந்ததும் லண்டன் திரும்பி முனைவர் பட்டத்தை முடித்தார்.

மத்திய வங்கியில்

1953இல் தாய்லாந்து வங்கியின் துணை ஆளுநராக இருந்தபோது அவருக்கு முதல் சோதனை வந்தது. அந்நியச் செலாவணி விதிகளை மீறிய ஒரு வங்கிக்கு விதித்த அபராதத்தை ரத்து செய்யும்படி, செல்வாக்கு மிக்க தளபதி சரித் தனரத் கேட்டார். புவே மறுத்தார். பதவி போயிற்று.

வியப்பு என்னவென்றால், பின்னாளில் ஆட்சியைப் பிடித்த அதே சரித், புவேயை நிதியமைச்சராக அழைத்தார்! ஆதாயம் தேடுவதில்லை என்று சுதந்திரத் தாய் இயக்கத்தில் எடுத்த உறுதிமொழியைச் சொல்லி அதை மறுத்தார் புவே. 1959இல் மத்திய வங்கியின் ஆளுநர் பொறுப்பை மட்டும் ஏற்று, 1971 வரை பணியாற்றினார்.

1963இல் ஒரு டாலருக்கு 20.80 பாட் என்று நாணய மதிப்பு நிலைநிறுத்தப்பட்டது. விலைவாசி கட்டுக்குள் இருந்தது. பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 7 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. அமைச்சர்கள் தனியார் வங்கிகளின் இயக்குநர்களாக இருப்பதை, வங்கியாளர்களின் விருந்திலேயே கவிதை பாடிக் கண்டித்தார். 1965இல் அரசுப் பணிக்கான மக்சேசே விருது பெற்றார்.

கிராமமும் கடிதமும்

ஆனால் இந்த வளர்ச்சி பாங்காக்கில் தங்கிவிட்டது, கிராமங்களுக்குப் போகவில்லை என்பதை அவரே உணர்ந்திருந்தார். எனவே 1967இல் கிராமப்புறப் புனரமைப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அது பணியாற்றிய இடம், அன்று அவர் பாராசூட்டில் இறங்கிய அதே சைநாத்!

1971இல் பிரதமர் தனோம் கித்திகச்சோன் அரசியல் சட்டத்தைத் தூக்கி எறிந்தார். அடுத்த ஆண்டு 'கேம் யென்யிங்' என்ற தம் போர்க்காலப் பெயரில், ஒரு கற்பனைக் கிராமத் தலைவருக்கு எழுதுவது போல, புவே ஒரு கடிதம் எழுதினார். கிராமத்துக்கு விதிமுறைகள் விரைவில் வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். அந்தத் தலைவர் யார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. 1973 அக்டோபரில் மாணவர் எழுச்சி தனோமை வீழ்த்தியது.

1976 அக்டோபர் 6

1975இல் தம்மசாத் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். இடதுசாரி மாணவர்களுக்கு அவர் போதாதவர், வலதுசாரிகளுக்கோ அவர் கம்யூனிஸ்ட். 1976 அக்டோபர் 6 அன்று காவல்துறையும் வலதுசாரிக் கும்பல்களும் பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து மாணவர்களைக் கொன்றனர். அரசுக் கணக்குப்படியே 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்றே பதவி விலகிய புவே, விமான நிலையத்தில் கூட ஒரு காவல் அதிகாரியிடம் அடிபட்ட பிறகே நாட்டை விட்டு வெளியேற முடிந்தது. அன்று மாலை ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது.

அடுத்த ஆண்டே பக்கவாதம் தாக்கியது. கவிதையிலும் கடிதத்திலும் ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்டவருக்குப் பேச்சு போயிற்று. 1999 ஜூலை 28 அன்று லண்டனில் காலமானார்.

முடிவாக

நாட்டின் நாணயத்தைக் காப்பாற்ற புவேயால் முடிந்தது. தன் மாணவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. நேர்மையான அதிகாரி ஒருவர் சர்வாதிகார ஆட்சியில் எவ்வளவு செய்யலாம், எங்கே நின்றுபோவார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அவரது நூற்றாண்டை 2016இல் யுனெஸ்கோவுடன் சேர்ந்து தாய்லாந்து கொண்டாடியது. அப்போதும் அங்கு நடந்தது ராணுவ ஆட்சிதான்!