டவர் பிரிட்ஜ், லண்டன்

லண்டனில் தேம்ஸ் ஆற்றின் குறுக்கே, டவர் ஆஃப் லண்டன் கோட்டையை ஒட்டியுள்ள தூக்குப் பாலம். கோட்டையும் பாலமும் ஒரே காலத்தவை என்றே சுற்றுலா வருவோர் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கோட்டையின் நடுவே நிற்கும் வெள்ளைக் கோபுரத்தை முதலாம் வில்லியம் கட்டத் தொடங்கியது 1070களில். பாலம் திறக்கப்பட்டதோ 1894 ஜூன் 30 அன்று.

19ஆம் நூற்றாண்டில் கிழக்கு லண்டன் வேகமாகப் பெருகியது. அங்கே ஆற்றைக் கடக்கப் பாலம் தேவைப்பட்டது. ஆனால் வழக்கமான பாலம் கட்டினால், மேற்கே இருந்த துறைக்கு உயர்ந்த பாய்மரக் கப்பல்கள் வர வழியிருக்காது. ஐம்பதுக்கு மேற்பட்ட வடிவங்களை அலசியபின், ஹொரேஸ் ஜோன்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் ஜான் உல்ஃப் பேரி என்ற பொறியாளரும் தந்த திட்டம் ஏற்கப்பட்டது. 1885இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது; பழைய கோட்டைக்குப் பொருந்தும் கோதிக் பாணியில் பாலம் அமைய வேண்டும் என்பது நிபந்தனை.

ஆகவே இரு கோபுரங்களிலும் பாரம் தாங்குவது உள்ளேயிருக்கும் எஃகுச் சட்டகமே. வெளியே தெரியும் கல் வெறும் போர்வை. ஜோன்ஸ் செங்கல் முகப்பைத்தான் எண்ணியிருந்தார். 1887இல் அவர் இறந்தபின் அது கல்லானது. பொய்க்கோலம் என்று அக்காலத்திலேயே பலர் சாடினார்கள், அதில் நியாயமும் உண்டு. உள்ளே இருந்த பொறியமைப்பு மட்டும் முற்றிலும் அசல். ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரு பாதைத் தளங்கள். ஒவ்வொன்றின் பின்முனையிலும் எதிர் எடை. நீராவி எஞ்சின்கள் நீரை அழுத்தத்தில் சேமித்துவைக்க, அந்த அழுத்தம் தளங்களைச் சில நிமிடங்களில் தூக்கிவிடும். 1970களில் எண்ணெயும் மின்சாரமும் அந்த வேலையை ஏற்றன.

பாலம் திறந்திருக்கும்போதும் மக்கள் கடக்கட்டும் என்று உச்சியில் இரு நடைபாதைகள் அமைத்தார்கள். படியேறுவதைவிடக் கீழே நின்று கப்பல் போவதைப் பார்ப்பதே மக்களுக்குப் பிடித்திருந்தது. 1910இல் அவற்றை மூடிவிட்டார்கள். 1982 முதல் கட்டணம் செலுத்தி அங்கே ஏறலாம். 2014இல் பதித்த கண்ணாடித் தரை வழியே, காலடியில் பேருந்துகள் ஊர்வதைக் காணலாம்.

1952 டிசம்பரில் அப்படியொரு பேருந்து, 78ஆம் எண், தெற்குத் தளத்தில் சென்றுகொண்டிருந்தபோதே தளம் உயரத் தொடங்கிவிட்டது. ஓட்டுநர் பிரேக் போடாமல் வேகத்தைக் கூட்டி, இன்னும் உயராத வடக்குத் தளத்தில் வண்டியைக் குதிக்கவைத்தார். அவருக்குக் கிடைத்த வெகுமதி 10 பவுண்டு.

ஆண்டுக்குச் சுமார் 800 முறை இன்றும் பாலம் தூக்கப்படுகிறது. முன்கூட்டியே சொல்லிவைத்த கப்பலுக்குத்தான் முதலிடம், சாலையில் யார் வந்தாலும் சரி. 1997இல் அமெரிக்க அதிபர் கிளின்டனின் பாதுகாப்பு வாகன வரிசை, ஒரு பாய்மரப் படகுக்காகப் பாலத்தின் இருபுறமும் பிரிந்து நின்றது.