பேர்க் கணக்கும் ஆட் கணக்கும்

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. ஒரு நாட்கூலியே ஒரு பேர். எடுத்த கொழுந்து குறைந்துவிட்டால் அரைப்பேர். விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் ஆளை எண்ணுவதும், பின்னர் தராசிலே கொழுந்தை நிறுப்பதும், இரண்டையும் கணக்கப்பிள்ளை செக்றோலில் ஏற்றுவதும் பசறையிலும் அப்புத்தளையிலும் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்தவை. இத்துணை நுணுக்கமாக எண்ணப்பட்ட மக்களின் கதியைத் தீர்மானித்தது, ஆயினும், தோட்டத்துக் கணக்கன்று. அது தலைநகரங்களிலே இடப்பட்ட வேறொரு கணக்கு.

இலங்கையின் முதற் குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டு எடுக்கப்பட்டது. 1911ஆம் ஆண்டு மதிப்பிலேதான் இலங்கைத் தமிழரும் இந்தியத் தமிழரும் வெவ்வேறு தலைப்பின் கீழ் வைக்கப்பட்டனர். அட்டவணை வரைபவருக்கு அஃது ஒரு கோடு. பின்னர் எழுந்த அரசியல் வழக்குகளெல்லாம் அந்தக் கோட்டைப் பற்றிக்கொண்டே வளர்ந்தன. 1946இல் இந்தியத் தமிழர் தொகை 780,589. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 11.7. அடுத்த ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று, பதுளையிலிருந்து எஸ். எம். சுப்பையா சென்றார். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமோ தந்தையின் பிறப்புக்கும், அல்லது பாட்டன் பூட்டனின் பிறப்புக்கும் சான்று கேட்டது. செக்றோலிலே இறாத்தல் கணக்கு இருந்தது. பூட்டன் பிறந்த ஊர் இருக்கவில்லை. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்காங்கிரசின் சார்பில் ஒருவரும் பாராளுமன்றம் புகவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கையைச் சற்று நின்று நோக்க வேண்டும். நாடற்றோர் ஏறத்தாழ 975,000 பேர் என்பது அதன் அடிப்படை. அவருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வது என முடிவாயிற்று. ஏழுக்கு நான்கு என்ற விகிதமும் அதிலேயே பிறந்தது. கூட்டலில் பிழையில்லை. பிழை வேறிடத்திலே இருந்தது. தலைகளை எண்ணியவர்கள் விருப்பத்தை எண்ணவில்லை. 1970இல் விண்ணப்பக் காலம் முடிந்தபோது இலங்கைக் குடியுரிமை வேண்டியோர் ஏறத்தாழ 7 இலட்சம். இந்தியக் குடியுரிமை வேண்டியோர் ஏறத்தாழ 4 இலட்சம். விகிதம் ஒரு பக்கம் சாய, மக்கள் மறுபக்கம் சாய்ந்தனர். ஒரு சிறு மாதிரிக் கணக்கெடுப்பை முன்னரே பத்துத் தோட்டங்களிலே நடத்தியிருந்தாலும் இது புலப்பட்டிருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது. பிற்போட்ட 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அங்கும் வகுத்தல் கணக்குத்தான்!

மலையிலிருந்து புகையிரதத்தில் இறங்கித் தலைமன்னார் சென்று கப்பலேறியவர்கள் பல்லாயிரவர். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி ஒரு நாட்டுக்குமாகப் பிரிந்த லயங்கள் உண்டு. 1984இல் அக்கப்பற் போக்குவரத்து நின்றது. நாடற்று எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று.

1971இல் 1,174,606 ஆக இருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் 818,656 ஆகக் குறைந்தது. இந்தக் குறைவு முழுவதும் கப்பலேறியோர் என்று கொள்ளலாகாது. தம்மை இலங்கைத் தமிழர் எனப் பதிவுசெய்துகொண்டோரும் அதில் உளர். 2012இல் பதுளை மாவட்டத்தில் இந்தியத் தமிழர் நூற்றுக்கு 18.5 பேர் என்கிறது அட்டவணை. அடுத்த காம்பராவிலேயே வாழ்ந்து, அதே மலையிலே கொழுந்தெடுத்து, வேறு தலைப்பிலே பெயரெழுதிக்கொண்டவர் அத்தொகைக்குள் வாரார்.